கைக்கும் கண்ணுக்கும் நடுவே: தங்கவயலும் வரைபலகையும்

கோலார் தங்கவயலைக் குறித்து வரையப்பட்டவற்றுள் மிகுந்த உழைப்பைக் கோரியவை அதன் சுரங்க வரைபடங்களே. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே கால்பதித்தது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் பணிகளை நிறுத்தியது வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகள், பூமிக்கடியில் நகர்ந்த ஒவ்வோர் அடியும் மேலே ஒரு மேசையில் கோடாக மாற வேண்டியிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிய ஒன்று. தங்கம் பொதிந்த பாறை அடுக்கோ மெலிந்தது. செங்குத்தாகச் சரிந்து செல்வது. மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தால் அது ஒரு நாடாவாகச் சுருங்கிவிடும். ஆகவே குறுக்குவெட்டும் நெடுக்குவெட்டும் வேண்டும். எந்த மட்டத்தில் எவ்வளவு பாறை எடுக்கப்பட்டது, எது தாங்கலாக விடப்பட்டது, பிளவு எங்கே குறுக்கிடுகிறது என்பதெல்லாம் அவற்றில் பதிவாக வேண்டும். பாறைவெடிப்புக்குப் பெயர்போன சுரங்கம் இது. இங்கே ஒரு கோடு பிசகுவது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி.

அக்காலப் பொறியியல் அலுவலகங்களில் அவ்வரைபடங்களுக்கு உகந்த பரப்பாக இருந்தது மெழுகுபோல் ஒளி ஊடுருவும் துணி. காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். அதனால் அளவு பொய்க்கும். துணி அவ்வளவு எளிதில் பொய்க்காது. அதன்மேல் கருமையால் வரைந்து, அடியில் வேதிப்பூச்சுக் காகிதத்தை வைத்து வெயில் காட்டினால் நீலப்படம் கிடைக்கும். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த இந்த நீலப்பட முறையில் பயன்படுவது ஃபெர்ரிசயனைடு. பாறைத்தூளிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்க 1887-இல் காப்புரிமை பெற்ற மெக்ஆர்தர்-ஃபாரஸ்ட் முறையிலும் சயனைடுதான். இரண்டும் வேறு வேறு சேர்மங்கள். ஆயினும் குடும்பம் ஒன்று. இன்றும் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளைப் பார்ப்பவர்கள், அதே குடும்பத்து வேதிப்பொருள் ஒன்றுதான் வரைபடங்களுக்கும் நீலம் பூசியது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தப் பரப்புகள் யாருடையவை என்பது வேறொரு கேள்வி. மேற்பார்வைப் பணிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் அமர்ந்தனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழர்கள், அவர்களுள் பெரும்பான்மையோரான தலித்துகள், ஆழத்தில் இறங்கினர். நிலத்தடியை உடலால் அறிந்தவர்களுக்கும் நிலத்தடியின் படத்துக்கும் இடையே ஓர் அலுவலகக் கதவு இருந்தது. வரையும் பரப்பு என்பது நிறுவனத்தின் சொத்து.

இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தலைமுறை வேறொரு பரப்பைத் தேடுகிறது. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் ஓவியம் பழகும் ஒரு பிள்ளைக்கு எந்த டேப்லெட் வாங்கித் தருவது என்ற கேள்வி, ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தைத் தொடும் கேள்வியாகும். இணையக் கடைகளில் எண்களும் நட்சத்திரங்களும் மட்டுமே பதிலாகக் கிடைக்கின்றன. ஆனால் இக்கருவிக்கு அறுபதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதை அந்த வரலாறு விளம்பரத்தைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

தமிழில் இந்தக் கருவிக்குப் பெயர் தேடுவோர் ஒரு பழைய வசதியை மறந்துவிடுகின்றனர். 'எழுது' என்ற வினை பழந்தமிழில் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொது. ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள், ஓலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். ஆங்கிலத்தில் 'டேப்லெட்' என்பது பலகையைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லின் குறுக்கமே. ஆகவே கணினியோடு இணைத்து வரையும் கருவியை வரைபலகை என்றும், தன்னுள்ளேயே கணினியைக் கொண்டதை டேப்லெட் என்றும் பிரித்து வழங்குவது குழப்பத்தைத் தவிர்க்கும். வாங்குவோரின் முதல் இடறலே இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதுதான்.

1963-இல் ஐவன் சதர்லண்ட் எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' நிரலில், பயனர் ஓர் ஒளிப்பேனாவைத் திரையின்மீதே வைத்து வரைந்தார். கண் பார்க்கும் இடத்தில்தான் கையும் இருந்தது. அழகிய ஏற்பாடுதான், ஆனால் நிமிர்ந்து நிற்கும் திரைமுன் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டியிருந்ததால் தோள் வலித்தது. அடுத்த ஆண்டு, 1964-இல், ராண்ட் நிறுவனத்தின் டேவிஸும் எல்லிஸும் வேறொரு வழி கண்டனர். மேசையில் கிடைமட்டமாக ஒரு பலகை. 10 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 100 கம்பிக்கோடுகள். ஆகப் பத்து இலட்சம் புள்ளிகளை அது பிரித்தறிந்தது. கை பலகையில், கண் திரையில். இந்தப் பிரிவு முதலில் செயற்கையாகத் தோன்றினாலும் பயனர்கள் விரைவில் பழகிக்கொண்டனர். அப்பலகையின் விலை 18,000 டாலர் என்று குறிப்பிடப்படுகிறது. அதே 1964-இல்தான் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் உருவாயிற்று. அதன் பெரிய தொழிற்சாலை தங்கவயலில் அமைந்தது. அங்கும் அக்காலத்தில் பொறி வரைபடமென்றால் காகிதமும் பென்சிலும் மசியும்தான்.

கையும் கண்ணும் ஒரே இடத்திலா, வெவ்வேறு இடங்களிலா என்ற அந்த அறுபதுகளின் தேர்வே இன்றைய கடையிலும் நிற்கிறது. திரையில்லாத வரைபலகை ராண்ட் பலகையின் வாரிசு. திரையுள்ள வரைபலகையும் டேப்லெட்டும் ஸ்கெட்ச்பேடின் வாரிசுகள். இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு பல மடங்கு. அந்த வேறுபாட்டுத் தொகையின் பெரும்பகுதி கண்ணின் வசதிக்கான கட்டணமாகும். கைத்திறனுக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இப்பலகைகளை வாங்கியவர்களுள் பெரும்பாலோர் ஓவியர்கள் அல்லர். பொறியாளர்களும் நிலப்பட வல்லுநர்களும்தான். பழைய படத்தைப் பெரிய பலகையின்மீது விரித்து, குறுக்குக்கோடிட்ட கண்ணாடி பொருத்திய கைக்கருவியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் கணினிக்குள் செலுத்தினார்கள். சுரங்கத் தொழிலில் பல நாடுகளில் பழைய வரைபடங்கள் இவ்வாறுதான் எண்களாயின. ஆக, வரைபலகை என்பது வரைபட அலுவலகத்தில் பிறந்து ஓவியர் வீட்டுக்குக் குடிபெயர்ந்த கருவி.

அந்தக் குடிபெயர்வில் முதன்மைப் பங்கு ஜப்பானின் வாகொம் நிறுவனத்துக்கு உண்டு. 1983-இல் தொடங்கப்பட்ட அதன் பெயரில் 'வா' என்பது இசைவைக் குறிக்கும் ஜப்பானியச் சொல், எஞ்சியது கணினி. அதன் சாதனை வடமில்லாத, மின்கலமும் இல்லாத பேனா. பலகையின் அடியிலுள்ள கம்பிச்சுருள்கள் மின்காந்த அலையை அனுப்புகின்றன. பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் அதை ஏற்று அதிர்ந்து திருப்பி அனுப்புகிறது. திரும்பும் குறிப்பிலிருந்து இடமும் அழுத்தமும் கணிக்கப்படுகின்றன. பேனா கனமற்றதாயிற்று, தீர்ந்துபோவதற்கு அதில் ஒன்றுமில்லை. தமிழ் இதழ்ச் சூழலில் கணினியை ஓவியக் கருவியாக முன்னதாகவே கையிலெடுத்தவர்களுள் ட்ராட்ஸ்கி மருது குறிப்பிடத்தக்கவர்; ஆனால் பொதுவாக இப்பலகைகள் விளம்பர நிறுவனங்களிலும் அசைவூட்டக் கூடங்களிலுமே வாழ்ந்தன. வரையும் பரப்பு மீண்டும் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது.

தங்கவயலிலிருந்து 100 கிலோமீட்டர் தொலைவில் இதற்கு மாற்றாக ஒரு முயற்சி நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வினய் ஆகியோர் பங்கேற்ற சிம்ப்யூட்டர் திட்டம் அது. எளிய மக்களுக்கான கைக்கணினி என்பது நோக்கம். உற்பத்தி பாரத் எலெக்ட்ரானிக்ஸில். 2004-இல் 'அமிடா' என்ற பெயரில் கடைக்கு வந்தது. பேனாவால் திரையில் கிறுக்கவும், கிறுக்கியதை மின்னஞ்சலில் அனுப்பவும் அதில் இயன்றது. சுரங்கம் மூடி மூன்றாண்டுகள் கழிந்திருந்த வேளையில், பக்கத்து நகரத்தில் அப்படியொரு பலகை பிறந்ததைத் தற்செயல் எனலாம். விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. கருத்து முந்திப் பிறந்தது, விலை இறங்கவில்லை, கைப்பேசி குறுக்கே வந்துவிட்டது.

2011 அக்டோபரில் வெளியான 'ஆகாஷ்' எதிர்த்திசையில் தவறியது. விலை இறங்கிற்று, பரப்பு கெட்டது. அழுத்தினால்தான் உணரும் மின்தடைத் தொடுதிரை அதனுடையது. விரலின் வலுவைத் தடித்த கோடாகவும் மெல்லிய கோடாகவும் மாற்ற அதற்குத் தெரியாது. மாணவர்க்கு மலிவான டேப்லெட் என்பதும் வரைவதற்கு ஏற்ற டேப்லெட் என்பதும் வேறு என்பதை நாடே கண்ட சந்தர்ப்பம் அது. இன்றும் அதே குழி வேறு பெயரில் உள்ளது. 'பேனா இலவசம்' என்று விற்கப்படும் மலிவான டேப்லெட்டுகள் பலவற்றில் கிடைப்பது ரப்பர்முனைக் குச்சி. அது விரலின் பதிலி மட்டுமே.

அழுத்தம் உணராத பரப்பில் ஓவியமே இயலாது என்று இதற்குப் பொருளில்லை. டேவிட் ஹாக்னி 2011-இல் யார்க்‌ஷயர் வசந்தத்தை ஐபேடில் வரைந்தபோது அதற்கு அழுத்தமறியும் பேனா இல்லை. அப்படங்கள் பெரிதாக அச்சாகி 2012-இல் லண்டன் ராயல் அகாதெமியில் தொங்கின. ஆனால் ஹாக்னி அறுபதாண்டுகளாக வரைந்து பழகிய கையோடு அந்தக் கண்ணாடிக்கு வந்தவர். கற்கத் தொடங்கும் கைக்கு அழுத்தத்தின் மறுமொழி ஓர் ஆசிரியர் போன்றது. அதை இழக்கக் கூடாது.

ஐபேடுக்கு அந்த மறுமொழி 2015 நவம்பரில் ஆப்பிள் பென்சிலோடு வந்தது; 2018-இல் விலை குறைந்த ஐபேடுக்கும் அது நீண்டது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2023-இல் அந்நிறுவனம் வெளியிட்ட யுஎஸ்பி-சி வகைப் பென்சில் விலை குறைந்தது, ஆனால் அழுத்தம் அறியாதது. பெயர் ஒன்றே என்பதால் ஓவியத்துக்கென அதையே வாங்கிவிடுவோர் உண்டு. சாம்சங்கின் எஸ் பேனா வேறு கதை. அது வாகொமின் மின்காந்த முறையைச் சார்ந்தது. வரைவதற்கு மின்னேற்றம் வேண்டாம். கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்றவற்றில் பெட்டியோடு சேர்ந்தே வருகிறது. கணினியே இல்லாத வீட்டில், ரயிலிலும் வரைய வேண்டும் என்போர்க்கு இவ்வகையைப் பரிந்துரைக்கலாம்.

விலையில் உண்மையான புரட்சி ஓசையின்றி நடந்தது. வாகொமின் தொடக்ககாலக் காப்புரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. 2010-களின் பிற்பகுதியில் ஹுயான், எக்ஸ்பி-பென் முதலியவை மின்கலமில்லாப் பேனாக்களோடு சந்தையில் இறங்கின. ஒருகாலத்தில் 18,000 டாலர் கோரிய பலகையைவிட நுண்மையான பலகை இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய கணினி ஒன்று வீட்டில் இருக்குமானால், தொடங்குவோர்க்குத் திரையில்லா வரைபலகையே தக்கது. கையையும் கண்ணையும் பிரிப்பது முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு எரிச்சலூட்டும். சுட்டெலியைப் பார்க்காமலே நகர்த்தப் பழகியவர்க்கு இதுவும் பழகும். கழுத்து குனியாது என்பது பின்னால் தெரியவரும் இலாபம். கணினி இல்லாதவர்கள் இவற்றுள் சிலவற்றை ஆண்ட்ராய்டு கைப்பேசியோடும் இணைக்கலாம். ஆனால் கைப்பேசியை நிமிர்த்தி வைத்தால் பலகையின் சிறு பகுதி மட்டுமே பயன்படும் என்பதை வாங்குமுன் அறிந்திருப்பது நல்லது.

பெட்டிமேல் பெரிதாக அச்சிடப்படும் எண் அழுத்தப் படிநிலை. 1,024 என்றிருந்தது 2,048 ஆயிற்று, 8,192 ஆயிற்று, இப்போது 16,384. இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தருவது வீண். சாதாரண எட்டுப் பிட் படத்தில் ஒரு நிறம் ஏற்கும் படிகளே 256தான். கைக்குத் தெரியும் வேறுபாடு வேறிடத்தில் உள்ளது: எவ்வளவு மெல்லத் தொட்டால் பேனா விழித்துக்கொள்கிறது என்பதில். கண்ணிமை வரையும்போது முதல் தொடுகையை உணராத பலகை, 16,384 படிகளை வைத்திருந்தும் பயனில்லை. இதற்கும் கோட்டின் நடுக்கத்துக்கும் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். அளவுகோலை மூலைவாட்டில் வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் எல்லாப் பலகையும் யோக்கியமாகத் தெரியும். மெதுவாக இழுக்கும்போதுதான் சில பரப்புகள் படிக்கட்டுப்போல் அலைகின்றன.

அடுத்தது விகிதம். கணினித் திரை 16-க்கு 9 என்றும் பலகை 16-க்கு 10 என்றும் இருந்து, முழுப் பலகையும் முழுத் திரைக்குப் பொருத்தப்பட்டால், கை வரையும் வட்டம் திரையில் முட்டையாகும். இயக்க நிரலின் அமைப்புகளில் விகிதத்தைப் பூட்டும் வசதி உண்டு. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஈரத்தில் விரிந்த காகிதம் சுரங்க அளவையாளரை ஏமாற்றியது போன்றதே இதுவும். வரைபவர் தம் கையில்தான் கோளாறு என்று நம்பி மாதக்கணக்கில் வருந்துவார். கோளாறு பரப்பில் இருக்கும்.

திரையுள்ள பலகைக்குத் தாவ விரும்புவோர் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒட்டப்படாத கண்ணாடியில் பேனாமுனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் பிறக்கும். கையும் கண்ணும் ஒன்றாக இருப்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, அங்கேயும் அவை பிரிந்திருந்தால் அதைவிட நட்டம் வேறில்லை. வழவழப்பான கண்ணாடியில் பேனா வழுக்கும். சொரசொரப்பான படலம் ஒட்டினால் காகித உணர்வு வரும், ஆனால் முனை தேயும். முனைகள் தனியாகக் கிடைக்கின்றனவா என்பதும் விலையின் ஒரு பகுதிதான்.

நிரலுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஐபேடுக்கு மட்டுமே கிடைக்கும் புரோகிரியேட் ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது, நல்ல நிரல். கணினியில் வரைவோர்க்குக் கிருட்டா இருக்கிறது, கட்டற்ற மென்பொருள், விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குவது. அதன் பெயர் சுண்ணக்கட்டியைக் குறிக்கும் சுவீடிஷ் சொல். சிலேட்டும் பலப்பமும் பிடித்த கைகளுக்குப் பொருத்தமான பெயர்தான்.

இத்தேர்வில் தங்கவயலுக்கென்று தனியாக ஒன்று பணயமாக இருக்கிறது. 2018-இல் 'கே.ஜி.எஃப்' திரைப்படமும் 2024-இல் 'தங்கலான்' திரைப்படமும் வெளிவந்தபின், இவ்வூரின் பெயர் இந்தியா முழுவதும் ஒரு காட்சியாகிவிட்டது. அக்காட்சியில் கணினியின் பங்கு பெரிது. அதை உருவாக்கும் தொழில் பெங்களூரில் செழித்தது. கர்நாடக அரசு 2012-இலேயே அசைவூட்டத்துக்கும் காட்சி விளைவுகளுக்கும் தனிக் கொள்கை வகுத்தது. அத்தொழிலும் நிலையானதன்று: 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது அதன் பெங்களூர்க் கூடங்கள் திடீரென மூடப்பட்டன. ஒரே நாளில் கதவடைப்பு என்றால் என்ன என்பதைத் தங்கவயல்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கூடம் மூடினால் கூடத்தின் பலகை கூடத்தோடு போகும். சொந்தப் பலகை வீட்டில் இருக்கும். ஆகவே வேலைக்கான பயிற்சிக் கட்டணத்தில் பலகையையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் திட்டங்களைவிட, எளிய பலகையொன்றைத் தாமே வாங்குவது மேல்.

அந்தப் பலகையில் முதலில் எதை வரைவது என்று கேட்பவர்க்கு ஊரே பாடம் தரும். நிரலில் அடுக்கு என்றொன்று உண்டு. கீழடுக்கில் சுரங்கவாய்க் கோபுரத்தின் அல்லது லைன் வீட்டின் ஒளிப்படத்தை வைத்து, அதன் ஒளியைக் குறைத்து, மேலடுக்கில் கோடு இழுக்கலாம். ஒளி ஊடுருவும் துணியைப் பழைய படத்தின்மேல் விரித்து வரைபட அலுவலகத்தார் செய்தது இதையேதான். கீழடுக்கை அணைத்தபின் எஞ்சும் கோடுகளில் கோபுரத்தின் சாய்வு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்கு நடந்தால் போதும்.